தவணை

மல்லாவியில் பஸ் திரும்பும் இடத்தில் என் கடை.
போட்டோக்கொப்பி, ரீலோட், ஃபோன் திருத்தம்.
உள்ளறையில் மூன்று கொம்பியூட்டர்,
மணித்தியாலம் எண்பது ரூபா.
கால் ஆடும் கதிரைக்கு மட்டும் அறுபது.

போன மாசியில் பதினொரு பொடியள்
ஆளுக்கு ஆயிரத்து இருநூறு கட்டினார்கள்.
எல்லாருக்கும் சேர்த்து ஒரேயொரு விளையாட்டு,
இன்னும் வெளிவராதது.
கடலுக்கு அடியில் ஒரு நகரம்,
அதற்குள் போக நாலு வாசல்.
காட்டியது ஒன்றரை நிமிடம்.
அந்த ஒன்றரை நிமிடத்தை
என் கடையில் மட்டும் நூறு தரம் பார்த்திருப்பார்கள்.

மதுரங்கன் தந்தது கச்சான் பிடுங்கின கூலி,
தாளில் மண் இருந்தது.
றெஜீபன் வீட்டுக்குத் தெரியாமல் தந்தான்.
நானும் கேட்கவில்லை.
வவுனியா மச்சானின் கார்ட்டில் கட்டிவிட்டு
கொப்பியில் பெயர்களை முறைப்படி எழுதினேன்.
மேலே திகதி: சித்திரை முப்பது.
எல்லாம் பேனையால்.

மூன்று நாளிருக்கக் கடிதம் வந்தது.
இன்னும் மெருகேற்ற வேண்டுமாம். புரட்டாதியாம்.
உங்கள் பொறுமைக்கு நன்றியாம்.

"நாங்கள் எப்பயக்கா பொறுமையாய் இருந்தனாங்கள்?"
என்றான் யதுசிகன்.
"கேக்காமலே நன்றி சொல்லுறாங்கள்."

பள்ளிக்கூடத்துக்கு வருசம் மூன்று தவணை.
அம்மாவின் காணி வழக்குக்கு இது பதினாலாவது.
லீசிங்காரனுக்கு மாதம் ஒன்று,
அதை மட்டும் ஒருத்தரும் பிற்போடுவதில்லை.

கம்பனிக்கு முகமில்லை. எனக்கு இருக்கிறது.
ஆகவே என்னிடம் வந்தார்கள்.
"உண்மையாய்க் கட்டினீங்களோ அக்கா?"
பற்றுச்சீட்டைக் கொப்பியடித்துச் சுவரில் ஒட்டினேன்.
அடுத்த நாள் பதின்மூவாயிரத்து இருநூறுக்குப் பக்கத்தில்
யாரோ ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.
சின்னது. அழிக்கவில்லை.

அன்றைக்குத்தான் ஒட்டறுத்தகுளத்து மனிசி
உடைந்த ஃபோனுக்காக ஐந்தாம் தரம் வந்தா.
நாலு தரமும் "நாளைக்கு வாங்கோ" என்றிருந்தேன்.
சுவரை ஒருக்கால் பார்த்துவிட்டு
உண்மையைச் சொன்னேன்:
"கொழும்பிலிருந்து கண்ணாடி வரவேணும்.
எப்ப எண்டு எனக்கே தெரியாது."
ஃபோனைத் திருப்பி வாங்கிக்கொண்டு
எதிர்க்கடைக்குப் போய்விட்டா.
அங்கே நாளைக்கு என்றிருப்பார்கள்.

புரட்டாதியும் தள்ளிப்போனது, தைக்கு.
நகரம் முன்னையிலும் பெரிதாகிவிட்டதாம்,
அதனால் தாமதமாம்.
றெஜீபன் காசைக் கேட்டான்.
லாச்சியிலிருந்து எண்ணிக் கொடுத்தேன்.
நாலாம் நாள் அதே தாள்களோடு வந்து நின்றான்,
இருநூறு குறைய.
முகத்தைப் பார்க்காமல் வாங்கி வைத்தேன்.

மார்கழி மழையில் யதுசிகன் வந்தான்.
மீசை அரும்பி அடர்ந்திருந்தது.
கட்டார் விசாவுக்குச் சொன்ன திகதி பதினெட்டு,
பதினெட்டிலேயே வந்துவிட்டது.
"வரவேண்டாம் எண்டு நினைச்சதெல்லாம்
நேரத்துக்கு வருது" என்று சிரித்தான்.
கடவுச்சீட்டைக் கொப்பியடித்தேன், காசு வாங்கவில்லை.
போகிறபோது சொன்னான்:
"மூண்டாம் முறை என்ரது.
அதைத் தங்கச்சிக்கு எழுதுங்கோ."

அவன் பெயரை வெட்டி கவிநயா என்று எழுதினேன்.
தை என்று போட்டிருந்ததையும் வெட்டவேண்டி வந்தது.
இந்தமுறை பங்குனி.
திகதிகளை இப்போது பென்சிலால் எழுதுகிறேன்.

கவிநயா வந்தாள்.
பன்னிரண்டு வயது, வெள்ளைச் சீருடை, ஈரச் செருப்பு.
திகதி கேட்கவில்லை.
அறுபது ரூபாவை மேசையில் அடுக்கிவிட்டு
ஆடும் கதிரையில் சம்மணமிட்டு
அந்த ஒன்றரை நிமிடத்தைப் போட்டாள்.
இன்னொருக்கால் போட்டாள்.
மூன்றாந்தரம் நடுவில் நிறுத்தி,
திரையில் விரல் வைத்து,

"அக்கா, இந்த வாசல் உள்ளுக்காலை பூட்டியிருக்கு.
அண்ணாக்கள் ஒருத்தரும் காணேல்லையோ?"

எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன்.
தாழ்ப்பாள் இருந்தது.